ஆரஞ்சுத் தோலும் ஒரு கறுப்புக் கோடும்

ஜூன் 3

அன்புள்ள மருமகளுக்கு,

"அன்புள்ள"ன்னு போட்டது வழக்கத்துக்காக. பெருசா எடுத்துக்காதே.

ஃபோன் இருக்கும்போது லெட்டர் எதுக்குன்னு உனக்குத் தோணும். ஃபோன்ல நீ பேசுறதுல பாதி எனக்குக் கேக்கல, கேக்குற மீதி கேக்காமலே இருந்திருக்கலாம்னு இருக்கு. போன தடவை நீ கத்தி, நான் கத்தி, கடைசியில உன் புருஷன் ஃபோனைப் பிடுங்கி வெச்சுட்டான். லெட்டரை அப்படிப் பிடுங்க முடியாது. முழுசாப் படிச்சுத்தான் ஆகணும்.

விஷயத்துக்கு வரேன். என் ஸ்ப்ரே இங்க வேலை செய்ய மாட்டேங்குது.

சிரிக்காதே. உன் நாத்தனார் வீட்டுக்கு வந்த அன்னைக்கே நான் வாயை விட்டுட்டேன். சம்பந்தியம்மாவும் இங்கதான் இருக்காங்க. அவங்க முன்னாடியே, "கடையில விக்கிற அந்த நீலத் தண்ணி பச்சைத் தண்ணியெல்லாம் தூக்கிப் போடுங்க, ஆரஞ்சுத் தோலும் வினிகரும் குடுங்க, வீட்டைப் பளபளன்னு ஆக்கிக் காட்டுறேன்"னு சொல்லிட்டேன். சொன்ன மாதிரியே செஞ்சேன். தோலை ஜாடியில போட்டு, முழுகுற அளவு வினிகர் ஊத்தி, ரெண்டு வாரம் அலமாரிக்குள்ள வெச்சு, துணியில வடிகட்டி, சரிபாதி தண்ணி கலந்து பாட்டில்ல ஊத்தினேன். நம்ம வீட்டுல செஞ்சதுல இருந்து இம்மி கூட மாறல.

அடுப்பு மேடை பரவாயில்ல. ஆனா பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல ஒரு கறுப்புக் கோடு ஓடுமே, அது அசையவே மாட்டேங்குது. நம்ம வீட்டுல அதே மாதிரிக் கோட்டுல ஸ்ப்ரே அடிச்சுட்டு, கொஞ்சம் நின்னு, ஒரு துணியால இழுத்தா வெள்ளையாயிடும். நீயே பாத்தே. உன் புருஷன் பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினான். இங்க தேய்ச்சுத் தேய்ச்சு என் தோள்பட்டை கழண்டதுதான் மிச்சம். சம்பந்தியம்மா கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு, "வாசனை நல்லா இருக்கு"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தையில என் மானமே போச்சு.

நிறமும் வேற மாதிரி இருக்கு. அங்க ஒரு ராத்திரி வெச்சா தெளிஞ்ச தண்ணி மாதிரி ஆயிடும். இங்க எத்தனை நாள் வெச்சாலும் டீ நிறம்தான். அதனால எனக்கு ஒண்ணு சொல்லு. அங்க குழாய்ல வர்ற தண்ணி எங்க இருந்து வருது? வினிகர் எந்தக் கடையில வாங்குவே?

இதை மட்டும் கேட்டுட்டு நிறுத்திக்கணும்னுதான் உக்காந்தேன், முடியல. அந்த ஸ்ப்ரேயை நான் ஆரம்பிச்சதே என் பேத்திக்காக. கடை மருந்து நெடியில வாலு தும்முறான்னுதான் ஆரம்பிச்சேன். அவளுக்கு இழுப்பு வர்றதே என் ஸ்ப்ரேயாலதான்னு சொல்லி, நீ என் பாட்டிலையெல்லாம் தூக்கி வாசல்ல வெச்சே. என் பையன் தூண் மாதிரி நின்னான். என் வீட்டுக்காரர் தரையைப் பாத்துக்கிட்டு நின்னார். என் கையால அந்தக் குழந்தைக்குக் கெடுதல் வந்துச்சுன்னு நெனைக்கிற வீட்டுல நான் எப்படி இருப்பேன்? குத்தம் என் ஸ்ப்ரே மேல இல்லன்னு தெரியிற வரைக்கும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.

வாலு எப்படி இருக்கா? அதுக்கு மட்டுமாவது ஒழுங்கா பதில் எழுது.

அத்தை

*

ஜூன் 9

அத்தைக்கு,

வணக்கம். உங்க லெட்டர் வந்துச்சு.

முதல்ல கடைசிக் கேள்விக்குப் பதில். வாலு நல்லா இருக்கா. நீங்க போனதுக்கு அப்புறம் ஒரு தடவை கூட இழுப்பு வரல. ஆவி பிடிக்கிற மெஷினைத் துடைச்சு அலமாரி மேல வெச்சாச்சு. நீங்க போனதால வரலன்னு நான் சொல்லல. பாட்டில் போனதால வரல. இந்த வித்தியாசத்தை எத்தனை தடவை சொன்னாலும் யாருக்கும் புரிய மாட்டேங்குது.

தண்ணி எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. குழாயைத் திறந்தா வருது. வினிகர் தெருமுனைக் கடையிலதான் வாங்கினோம், எல்லாரும் வாங்குற வினிகர்தான்.

அத்தை, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. அலுப்பு. காலையில அஞ்சு பேருக்குச் சமைச்சு, வாலுவை ஸ்கூலுக்குக் கிளப்பி, பல் ஆஸ்பத்திரிக்கு ஓடி, நாள் முழுக்க வாயைத் திறந்துக்கிட்டு வர்றவங்களுக்கு டோக்கன் குடுத்துட்டு வந்தா, சனிக்கிழமை உங்க சுத்தம் பண்ணுற படலம். அன்னைக்கு ராத்திரியே குழந்தைக்கு மூச்சு இழுக்கும். மூணு மாசமா சனிக்கிழமைன்னாலே ஆவி மெஷினைக் கட்டில் பக்கத்துல எடுத்து வெச்சுடுவேன். டாக்டர் "வீட்டுல ஏதாவது நெடி இருக்கா"ன்னு கேட்டா நான் வேற எதைக் காட்டுவேன்?

என் ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் விஷயத்தையும் நான் அப்போ சொல்லல. கருநீலச் சட்டை, புதுசு. நீங்க துடைச்ச மேடையில சாஞ்சு நின்னு டீ குடிச்சேன். முழங்கையில இருந்து பொட்டுப் பொட்டா வெளுத்துப் போச்சு. இயற்கை, இயற்கைன்னு சொல்றீங்க, துணியைத் தின்னுற இயற்கையை நான் பாத்ததில்ல. அந்தப் பாட்டில் மூடி வேற நடு ராத்திரியில தானா 'டப்'புன்னு தெறிக்கும். வாலு அலறி எழுந்திருப்பா. கேட்டா "சத்து ஏறுது"ன்னு சொல்லுவீங்க.

தயவு செஞ்சு இந்த ஆராய்ச்சியை விடுங்க. பாட்டில் இல்லாம வாங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?

மாமா நல்லா இருக்கார். வழக்கம் போல விடிகாலையில நீச்சல் குளத்துக்குப் போய்த் தண்ணியைப் பாத்துட்டு, மருந்து போட்டுட்டு, மத்தியானம் வந்துடுறார். உங்க லெட்டர் வந்தப்ப கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்து, "அவ கையெழுத்துதானே?"ன்னு கேட்டார். என்ன எழுதியிருக்கீங்கன்னு கேக்கல. இதைத் தபால்ல போடுற வேலையை அவரே வாங்கிக்கிட்டார்.

மருமகள்

*

ஜூன் 14

மருமகளுக்கு,

வெளுத்துப் போச்சா? இது என்ன புதுக் கதை?

உன் லெட்டரைப் படிச்ச கையோட உன் நாத்தனார் அலமாரியில இருந்து ஒரு பழைய நீலத் துண்டை எடுத்து, என் ஸ்ப்ரேயில முக்கி, வெயில்ல காயப் போட்டேன். ஒரு பொட்டு கூட விழல. துண்டு மாதிரியே துண்டு இருக்கு. உன்னை நம்பலன்னு இல்ல. நான் பஸ் ஸ்டாண்டு கவுண்டர்ல டிக்கெட் குடுத்தவ, எதிர்ல நிக்கிறவங்க பொய் சொல்றாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியும். நீ பொய் சொல்லல. என் ஸ்ப்ரேயும் பொய் சொல்லல. அப்போ நடுவுல எது பொய் சொல்லுது?

மூடியும் இங்க தெறிக்கல. அப்படியே பாட்டில் அடக்கமா உக்காந்திருக்கு.

இதுக்கு நடுவுல இங்க ஒரு கூத்து. சம்பந்தியம்மாவோட சாப்பாட்டு மேஜை சலவைக்கல்லு. அவங்க மாமியார் குடுத்ததாம், உசுரு மாதிரி வெச்சிருக்காங்க. பாத்ரூம்ல போன மானத்தை மேஜையில மீட்டுடலாம்னு நல்லா ஸ்ப்ரே அடிச்சு, ஊறட்டும்னு விட்டுட்டு வந்தேன். திரும்பி வந்து துடைச்சா, அடிச்ச இடமெல்லாம் பளபளப்புப் போய் சுண்ணாம்பு பூசின மாதிரி கிடக்கு. புளிப்பு பட்டா சலவைக்கல்லை அரிச்சிடுமாம். மாப்பிள்ளை சொன்னார், முன்னாடியே சொல்லியிருந்தா புண்ணியமாப் போயிருக்கும். சம்பந்தியம்மா ஒரு விரிப்பை எடுத்து மேஜை மேல போட்டு மூடினாங்க. ஏசியிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும்.

உன் நாத்தனார் நேத்து என்கிட்ட, "அம்மா, நீங்க கொஞ்சம் உக்காந்து டிவி பாருங்களேன்"னா. புரியுதா? ஒரு வீட்டுல குழந்தைக்கு ஆகாதவ, இன்னொரு வீட்டுல மேஜைக்கு ஆகாதவ. வயசான காலத்துல எந்த வீட்டுல போய் நான் காலை நீட்டுறது? எனக்கு என் வீடு வேணும். வெக்கத்தை விட்டு எழுதுறேன், எனக்கு என் பாத்ரூம் வேணும், அந்த ஜன்னலோரக் கட்டில் வேணும், வாலு என் தலையைப் பின்னிக் குட்டிச்சுவராக்கணும்.

அதனால ஒண்ணு பண்ணு. நீ பாட்டிலையெல்லாம் வெளிய வெச்சப்ப ஒண்ணு உன் கண்ணுல படல. வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்தேன். முறைக்காதே. அங்க கடைசியாச் செஞ்சது அது. அதை எனக்கு பார்சல்ல அனுப்பு. இங்கத்து பாட்டிலையும் அங்கத்து பாட்டிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா என்ன வித்தியாசம்னு தெரிஞ்சிடும்.

அத்தை

*

ஜூன் 20

அத்தை,

முதல்லயே சொல்லிடுறேன், வாலு இப்போ தூங்குறா, மூச்சு சீரா இருக்கு. அதைப் படிச்சுட்டு மீதியைப் படிங்க.

சாயங்காலம் பார்சல் கட்டலாம்னு அந்தப் பாட்டிலை எடுத்தேன். பிளாஸ்டிக் பாட்டில் பந்து மாதிரி உப்பியிருந்துச்சு. வழியில கொட்டிடப் போகுதேன்னு மூடியை இறுக்கப் பாத்தேன். கை பட்டதும் மூடி பிச்சுக்கிட்டுப் போய் சுவத்துல அடிச்சுது. நெடி அப்படியே மூஞ்சியில அறைஞ்சுது. கண்ணுல தண்ணி கொட்டுது, தொண்டை அடைக்குது. வாலு ஹால்ல படம் வரைஞ்சுக்கிட்டிருந்தா. எனக்குப் பின்னாடியே ஓடி வந்துட்டா. நான் "வராதே"ன்னு கத்துறதுக்குள்ள அவளுக்கு இருமல் பிடிச்சுக்கிச்சு, அப்புறம் அதே இழுப்பு. பாட்டிலை வெளிய வீசிட்டு, குழந்தையைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். ஜன்னலெல்லாம் திறந்து விட்டு, மெஷினை மறுபடி இறக்கி, ஆவி வெச்சு, அவ மூச்சு ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் என் மூச்சு என்கிட்ட இல்ல. டாக்டர்கிட்டயும் காட்டிட்டு வந்துட்டேன். பயம் இல்லன்னு சொன்னார்.

அத்தை, அது ஆரஞ்சு நெடி இல்ல. வினிகர் நெடியும் இல்ல. அந்த நெடி எனக்குத் தெரியும். தினம் மத்தியானம் இந்த வீட்டுக்குள்ள நடந்து வர்ற நெடி அது. மாமா சட்டையில வருமே, குளத்துக்குப் போடுற அந்தக் குளோரின் மாத்திரை. அதேதான், ஆனா பத்து மடங்கு.

என் சட்டை ஏன் வெளுத்துச்சுன்னு இப்போ தெரியுது. உங்க ஸ்ப்ரே டீ நிறம் போய் ஏன் தெளிஞ்சுதுன்னும் தெரியுது.

கோபப்படாம பதில் சொல்லுங்க. நல்லாத் துடைக்கட்டும்னு நீங்க அதைக் கலந்தீங்களா? கலந்திருந்தா கலந்தேன்னு சொல்லிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது.

இதை ஃபோன்ல கேக்கலாம்தான். உங்களுக்குக் கேக்குற மாதிரிக் கத்தினா தெருவுக்கே கேக்கும், மாமா வேற ஹால்லயே உக்காந்திருக்கார். வெளிய கிடந்த பாட்டிலைப் பாத்தவர் அப்படியே வாசல்ல நின்னுட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரல.

மருமகள்

*

ஜூன் 24

குழந்தையைப் பாத்துக்கோ. ஒரு வாரத்துக்கு அவளைப் பாத்ரூம் பக்கமே விடாதே. தலையணை உறையெல்லாம் துவைச்சுப் போடு.

நான் கலக்கல.

குளோரினை நான் ஏன் தொடப் போறேன்? அந்த நெடி ஆகாமத்தானே இத்தனை வருஷமா அவர் சட்டையைத் தனியாத் துவைக்கிறேன்? அந்த வீட்டுல அந்த மாத்திரை யாரோட பையில இருக்கும்? என் பையிலயா, உன் பையிலயா?

இதுக்கு மேல நான் சொல்லணுமா?

எல்லாம் இப்போ ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. முதல் பாட்டில் செஞ்ச அன்னைக்கு அந்தக் கறுப்புக் கோடு போகவே இல்ல. இங்க எப்படியோ அப்படியேதான் அங்கயும் இருந்துச்சு. நீ பாத்ரூம் வாசல்ல வந்து நின்னு, "இதுக்கு வெறும் தண்ணியாலயே துடைச்சிருக்கலாமே அத்தை"ன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டே. சாதாரணமாத்தான் சொன்னே, நான்தான் அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அடுத்த வாரம் அடிச்சேன், போயிடுச்சு! தோல் நல்லா ஊறியிருக்குன்னு நெனச்சேன். நெனச்சு என்ன பண்றது, ஊர் பூராவும் சொல்லிட்டேன். மாடி வீட்டுக்காரி பாட்டில் எடுத்துட்டு வந்து வாங்கிட்டுப் போனா. என் பையன் "அம்மா ஸ்ப்ரே"ன்னு ஆஃபீஸுக்குக் கொண்டு போனான்.

அந்தக் கவுண்டர்ல உக்காந்த காலத்துல சில்லறை குறைஞ்சா ஏசுவாங்க, சரியா இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வாழ்க்கையில முதல் தடவையா நாலு பேர் என்னைக் கெட்டிக்காரின்னு சொன்னாங்க. கடைசியில பாத்தா அது என் கெட்டிக்காரத்தனம் இல்ல, குளத்து மருந்தோட கெட்டிக்காரத்தனம். நீங்க எல்லாரும் கை தட்டினது அதுக்குத்தான்.

என் மேல குத்தம் இல்லன்னு தெரிஞ்சா வரேன்னு எழுதினேன். தெரிஞ்சு போச்சு. இப்போ வர்றதுக்குக் கால் வரல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்த பாத்ரூம்ல நான் துணியைக் கையில எடுப்பேன்? இங்கயே டிவி பாத்துக்கிட்டு இருந்துட்டுப் போறேன்.

அந்த மனுஷன்கிட்ட மட்டும் ஒண்ணு கேளு. ஏன்? குழந்தை இருக்கிற வீட்டுல, ஏன்?

அத்தை

*

ஜூலை 1

அத்தைக்கு,

கேட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க பையனையும் வாலுவையும் பார்க்குக்கு அனுப்பிட்டு, மாமா எதிர்ல உக்காந்து உங்க லெட்டரைப் படிச்சுக் காட்டினேன். முழுசா. அவர் கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, போட்டு, மறுபடி கழட்டினார்.

மாத்திரையை முழுசாப் போடலயாம். நகத்தால ஒரு துணுக்கு சுரண்டி, நீங்க வடிகட்டி வெச்ச பாட்டில்ல ராத்திரி போட்டு வெப்பாராம். ஒவ்வொரு பாட்டில்லயும். "ஆசிட்டோட அதைக் கலக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா மாமா? குளத்துல இத்தனை வருஷமா இருக்கீங்களே?"ன்னு கேட்டேன். தெரியுமாம். பம்ப் ரூம்ல பெரிய எழுத்துல போர்டே இருக்காம், ஆசிட்டும் குளோரினும் பக்கத்துல பக்கத்துல கூட வைக்கக் கூடாதுன்னு. அந்த போர்டை எழுதி மாட்டினதே இவர்தானாம்! "வினிகர் சமையலுக்குப் போடுற சாமான்தானேம்மா, அது எப்படி ஆசிட் ஆகும்?"னு என்னையே கேக்குறார். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். வேற என்ன பண்றது, சொல்லுங்க.

வாலுவுக்கு அதனாலதான் இழுப்பு வருதுன்னு அவருக்குத் தோணவே இல்லையாம். ஆரஞ்சுத் தோலுல ஏதோ குழந்தைக்கு ஆகலன்னு நான் சொன்னதையே அவரும் நம்பியிருக்கார். அன்னைக்கு உப்பின பாட்டிலைப் பாத்தப்பதான் உறைச்சிருக்கு. அதுல இருந்து குழந்தை பக்கத்துலயே போக மாட்டேங்குறார். குளத்துலயே சோப்புப் போட்டுக் குளிச்சு, வேற சட்டை மாத்திக்கிட்டு வர்றார். வாலு முதுகுல ஏறினா, "மெதுவா மூச்சு விடு, மெதுவா மூச்சு விடு"ன்னு அவளை பயமுறுத்துறார். இந்த வீட்டுல எனக்கு இன்னொரு குழந்தை.

ஏன்னு கேக்கச் சொன்னீங்க. கேட்டேன். கண்ணாடியைச் சட்டைப் பையில வெச்சார். அப்புறம் சொன்னார், "அன்னைக்கு அவ துடைச்சுட்டு சுவத்தையே பாத்துக்கிட்டு நின்னா. என்னால பாக்க முடியல." அவ்வளவுதான். எழுந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டார். கொஞ்ச நேரத்துல சரக் சரக்னு சத்தம். எட்டிப் பாத்தா பழைய டூத் பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு, வெறும் தண்ணியில, அந்தக் கோட்டைத் தேய்ச்சுக்கிட்டிருக்கார். தினம் தேய்க்கிறார். ஒரு டைல்ஸ் முடிஞ்சிருக்கு.

இப்போ என் பங்கு. உங்க முதல் லெட்டரை எதிர்ல வெச்சுக்கிட்டு நானே ஒரு பாட்டில் செஞ்சேன். ரெண்டு வாரம் பொறுக்க முடியல, மாடி வீட்டுக்காரங்க ஜாடியில தோல் ஊறிக்கிட்டிருந்துச்சு, வாங்கிட்டு வந்தேன். வடிகட்டும்போது பாட்டில் பக்கத்துல காவல் நாய் மாதிரி உக்காந்திருந்தேன், மாமாவை அந்தப் பக்கமே விடல. டாக்டர்கிட்ட கேட்டுட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு அடிச்சேன். வாலு ஹால்ல உக்காந்து வேடிக்கை பாத்தா. ஒரு இருமல் வரல. ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பாத்தேன், ஒண்ணும் இல்ல.

உள்ளதை உள்ளபடி எழுதுறேன், உங்களுக்குச் சும்மா சொன்னா பிடிக்காது. பாத்ரூம் கோடு போகல. அது அதுக்கான மருந்தே இல்ல. ஆனா அடுப்புக்குப் பின்னாடி இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு, கொஞ்ச நேரம் ஊற விட்டுத் துடைச்சா கையோட வந்துச்சு. ஜன்னல் கண்ணாடி அழுக்கு, ஃப்ரிட்ஜ் தட்டு அழுக்கு, குழாயில படியிற வெள்ளைக் கறை, எல்லாம் போச்சு. அன்னைக்கு நான் சொன்னேனே, வெறும் தண்ணி போதும்னு, பக்கத்துலயே அதையும் செஞ்சு பாத்தேன். தண்ணிக்குப் பிசுக்கு அசையல. அது முழுக்க உங்க ஸ்ப்ரேதான் அத்தை. குளத்து மருந்து அதுல ஒரு துளி இல்ல.

மாடி வீட்டுக்காரங்க நீங்க எப்போ வருவீங்கன்னு கேட்டாங்க. அவங்களுக்கு நீங்க குடுத்த பாட்டிலைக் கீழ கொட்டிட்டேன், காரணத்தையும் சொல்லிட்டேன். உங்க பையன் ஆஃபீஸ்ல இருந்ததையும் கொண்டு வரச் சொல்லிக் கொட்டியாச்சு. அவர் இப்பவும் தூண் மாதிரிதான் நிக்கிறார். நீங்க வந்துதான் அதை ஒரு கை பாக்கணும்.

எனக்கு முடியல அத்தை. ஒருத்தர் தேய்க்கிறார், ஒருத்தர் நிக்கிறார், ஒருத்தி "எப்போ வருவாங்க, எப்போ வருவாங்க"ன்னு உயிரை வாங்குறா. வாங்க.

மருமகள்

*

ஜூலை 6

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தத் தடவை வழக்கத்துக்காக இல்ல.

மாடி வீட்டுக்காரி ஜாடியை வாங்கிச் செஞ்சியா? அவ ஆரஞ்சுத் தோலோட வெள்ளைச் சதையையும் சேத்துப் போடுவா, கலங்கலாத்தான் வரும். அடுத்த தடவை நீயே தோல் சீவு. அடுப்புப் பிசுக்குக்கும் குழாய்க்கும் கண்ணாடிக்கும் மட்டும் அடி. சலவைக்கல்லு பக்கம் போகாதே, நான் பட்டது போதும். இன்னொண்ணு, கறை சீக்கிரம் போகட்டும்னு வினிகர்லயே சமையல் சோடாவைக் கொட்டாதே. நான் இங்க கொட்டிப் பாத்தேன். நுரை ஆளுயரத்துக்கு வருது, வேலை ஒண்ணும் நடக்கல, ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு ரெண்டும் தண்ணியாப் போயிடுது. முதல்ல சோடாவைக் குழைச்சுப் பூசித் தேய்ச்சு எடு, அப்புறம் ஸ்ப்ரே. தனித்தனியா வேலை செஞ்சாத்தான் ரெண்டுக்கும் மரியாதை. நம்ம கதைதான்.

பாட்டில் மேலெல்லாம் உள்ள என்ன இருக்குன்னு பெருசா எழுதி ஒட்டு. கீழ, "இதில் வேறு எதையும் போடாதே"ன்னு எழுது. போர்டு எழுதத் தெரிஞ்ச ஆள் வீட்டுலயே இருக்காரே, அவரையே எழுதச் சொல்லு. ஆனா இந்தத் தடவை எழுதினதைப் படிச்சும் பாக்கச் சொல்லு.

அவரை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. கோபம் அப்படியே இருக்கு. குழந்தை மூச்சு விட முடியாமத் திணறினதை நெனச்சா இன்னும் ஏறுது. வந்ததும் ரெண்டு நாள் பேச மாட்டேன், அவர்கிட்டச் சொல்லி வெச்சுடு, அப்புறம் ஏன்னு என்னைக் கேக்கக் கூடாது.

ஆனா உன் லெட்டர்ல ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். எதுன்னு உனக்குத் தெரியும். அன்னைக்கு நான் அழல. சும்மா சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். நீ வேலைக்குப் போயிட்டே, பையன் போயிட்டான், வீட்டுல யாரும் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நின்னேன். அந்த மனுஷன் வருவார், சாப்பிடுவார், பேப்பரை விரிப்பார், தூங்குவார். நான் புதுப் புடவை கட்டினாலும் தெரியாது, முடி வெட்டினாலும் தெரியாது. இத்தனை வருஷத்துல என்னை நிமிந்து பாத்ததே இல்லன்னு நான் சத்தியமே பண்ணியிருப்பேன். நான் நின்னதை அவர் பாத்திருக்கார். பாத்துட்டு, அவருக்குத் தெரிஞ்ச ஒரே மருந்தைக் கொண்டு வந்து போட்டிருக்கார். பைத்தியக்கார மனுஷன்.

சம்பந்தியம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். மேஜையை மறுபடி மெருகு போடலாமாம், ஆள் வர்றான். விரிப்பை அவங்களே எடுத்துட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலை பஸ்ல வரேன். ஸ்டாண்டுக்கு அவரை வரச் சொல்லு. குளிச்சுட்டு வரச் சொல்லு. பையைத் தூக்கட்டும், பேச்சு கிடையாது.

ஒரு டைல்ஸ் முடிஞ்சிருக்குன்னு எழுதினியே, இந்நேரம் நாலஞ்சு முடிச்சிருப்பார். இனிமே தேய்க்க வேண்டாம்னு சொல்லு. மீதி எனக்கு இருக்கட்டும். அவர் பாத்ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து பாக்கட்டும்.

அத்தை